பேருந்து ஆலோசனைக் குழுவில் பயணிக்கு ஓர் இடம்: கலிஃபோர்னியக் கவுண்டிகளில் உறுப்பினர்களை நியமிக்கும் முறை

கலிஃபோர்னியாவில் ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால், அதற்குக் கட்டும் விற்பனை வரியில் கால் சென்ட் அந்தக் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) உள்ளூர்ப் போக்குவரத்து நிதிக்குப் போகிறது. 1971-இல் வந்த போக்குவரத்து மேம்பாட்டுச் சட்டம் செய்த ஏற்பாடு இது. அந்தப் பணத்தில் பேருந்துக்குத்தான் முன்னுரிமை. ஆனால் மக்கள்தொகை குறைந்த பல கவுண்டிகளில் ஒரு வழி திறந்திருக்கிறது. ‘நிறைவேறாத பேருந்துத் தேவை எதுவும் இல்லை’ என்றோ, ‘இருக்கிறது, ஆனால் நியாயமான அளவில் நிறைவேற்றக்கூடியதாக இல்லை’ என்றோ வட்டாரப் போக்குவரத்துத் திட்ட முகமை தீர்மானம் போட்டால், மிஞ்சும் தொகையைத் தெரு, சாலை வேலைகளுக்குக் கொடுக்கலாம்.

அந்தத் தீர்மானத்துக்கு முன் முகமை கலந்து பேசியே ஆகவேண்டிய அமைப்பு ஒன்று உண்டு: சமூகசேவைப் போக்குவரத்து ஆலோசனைக் குழு. 1987-இல் சட்டத்தில் சேர்ந்தது. பொதுப் பயன்பாட்டுச் சட்டத் தொகுப்பின் 99238-ஆம் பிரிவு அதன் உறுப்பினர் யார், எத்தனை பேர், எத்தனை ஆண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. இந்தக் குழு ஆண்டுதோறும் தேவைகளைத் தொகுத்து, எந்தத் தீர்மானம் போடலாம் என்று பரிந்துரைக்க வேண்டும். அதன் பரிந்துரை முகமையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பதிவேட்டில் ஏறும். பிறகு யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

ஆகவே, அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். நியமனத்தைக் கவனிக்கும் முகமை ஊழியர்களுக்கும், தங்கள் பகுதியிலிருந்து ஒருவரை உட்கார வைக்க விரும்பும் சங்கங்களுக்கும் குடும்பங்களுக்குமான வழிமுறை இது.

முதலில் இடங்களை எண்ணுங்கள், பெயர்களைப் பிறகு பாருங்கள்

‘நமக்குத் தெரிந்த நல்லவர் யார்?’ என்று தொடங்கினால் குழு ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். சட்டம் சொல்லும் இடங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆளைத் தேடுங்கள்.

60 வயது நிரம்பிய, பேருந்தைப் பயன்படுத்தக்கூடிய ஒருவர். பேருந்தைப் பயன்படுத்தக்கூடிய மாற்றுத்திறனாளி ஒருவர். முதியோருக்குச் சேவை செய்யும் உள்ளூர் அமைப்புகளிலிருந்து இருவர். அவர்களில் ஒருவர் முதியோரை வண்டியில் ஏற்றிச் செல்லும் அமைப்பைச் சேர்ந்தவர், அப்படி ஓர் அமைப்பு இருந்தால். மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்யும் அமைப்புகளிலிருந்து அதே போல இருவர். வருமானம் குறைந்தவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்பிலிருந்து ஒருவர். கவுண்டியின் ஒருங்கிணைந்த போக்குவரத்துச் சேவை முகமையிலிருந்து இருவர். அவர்களில் ஒருவர் வண்டி ஓட்டும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஆக மொத்தம் 9.

‘பயன்படுத்தக்கூடிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று பேருந்தில் போகிறவர்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டு வாசலிலிருந்து 2 மைலுக்குள் நிறுத்தமே இல்லாததால் ஒரு நாளும் ஏறாத பாட்டியும் இந்த இடத்துக்குத் தகுதியானவர்தான். சொல்லப்போனால் அவர்தான் அதிகம் சொல்லக்கூடியவர். தினமும் ஏறுகிறவருக்குப் பேருந்தின் தாமதம் தெரியும், ஏற முடியாதவருக்கோ அது எங்கே வருவதே இல்லை என்பது தெரியும்.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். 62 வயதான ஒரு சேவை அமைப்பின் மேலாளரை ‘60 வயது நிரம்பிய பயணி’ இடத்தில் போட்டுவிடுவார்கள். எழுத்துப்படி பார்த்தால் தப்பில்லை என்று வாதிடலாம். ஆனால் அவர் காரில் வந்து இறங்குகிறவர். அவருடைய அமைப்புக்குக் குழுவில் வேறு இடங்கள் இருக்கின்றன. 9 பேரில் அமைப்பின் சார்பில் பேசாதவர்கள் 60 வயது நிரம்பிய பயணியும் மாற்றுத்திறனாளிப் பயணியும் மட்டுமே. அந்த இடங்களை வசதிக்காக நிரப்பினால், நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒருவர்கூட இல்லாத குழுவாகிவிடும்.

ஒருங்கிணைந்த சேவை முகமை என்பது, சமூகசேவை அமைப்புகளின் வண்டிச் சேவைகளை ஒருங்கிணைக்க, 1979-இல் வந்த இன்னொரு மாநிலச் சட்டத்தின்படி குறிக்கப்படுவது. சான்டா க்ரூஸ் கவுண்டியில் ‘லிஃப்ட் லைன்’ என்ற சேவையை நடத்தும் கம்யூனிட்டி பிரிட்ஜஸ் அமைப்புக்கு அந்தத் தகுதி உண்டு. உங்கள் கவுண்டியில் அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அந்த இரண்டு இடங்களும் எழாது. 9 என்ற எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகச் சாலைத் துறைப் பொறியாளரை அங்கே உட்கார வைக்காதீர்கள். கூடுதல் உறுப்பினர் வேண்டுமென்றால் அதே நியமன முறைப்படி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. டயாலிசிஸ் மையத்தின் சமூகப்பணியாளர், சமுதாயக் கல்லூரி மாணவர், பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பில் வசிப்பவர் என்று எத்தனையோ பேர் பொருத்தமாக இருப்பார்கள்.

ஏற்கெனவே கவுண்டியில் ஒரு பேருந்து ஆலோசனைக் குழு இருந்தால் இணையாக இன்னொன்றைத் தொடங்கக் கூடாது. பழைய குழுவே இந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். சான்டா க்ரூஸில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் போக்குவரத்து ஆலோசனைக் குழு அப்படித்தான் இயங்குகிறது. பெயர் என்னவாக இருந்தாலும், 99238 கேட்கும் இடங்கள் அதற்குள் நிரம்பியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய குழுக்களில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது வருமானம் குறைந்தவர்களுக்கான இடம்.

பதவிக்காலத்தை மூன்றாகப் பிரிப்பது

முதல் முறை குழு அமைக்கும்போது மூன்றில் ஒரு பங்கினருக்கு 1 ஆண்டு, அடுத்த பங்கினருக்கு 2, கடைசிப் பங்கினருக்கு 3 ஆண்டு. அதன்பின் எல்லோருக்கும் 3 ஆண்டு. இன்னொரு 3 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எல்லோருக்கும் ஒரே நாளில் 3 ஆண்டு கொடுத்துவிட்டால், மூன்றாம் ஆண்டு ஜூன் மாதத்தில் குழு மொத்தமாகக் காலியாகும். அந்த இலையுதிர்காலத்தில், பேருந்துத் தேவைகளை மக்களிடம் கேட்கும் பொது விசாரணையை நடத்த அனுபவம் உள்ளவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

யாருக்கு எத்தனை ஆண்டு என்று குலுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. குலுக்கலாம், ஆனால் ஜோடிகளைப் பிரித்த பிறகு. பயணிகளின் இரண்டு இடங்களும் ஒரே ஆண்டில் முடியக் கூடாது. முதியோர் அமைப்பின் இரண்டு இடங்களும் ஒரே ஆண்டில் முடியக் கூடாது. மாற்றுத்திறனாளி அமைப்புகளுக்கும் சேவை முகமைக்கும் அப்படியே. 2026 ஜூலை 1-இல் 9 பேருடன் தொடங்கும் ஒரு குழுவுக்கு இப்படிப் பிரிக்கலாம்:

2027 ஜூன் 30-இல் முடிபவை: முதியோர் அமைப்பு (வண்டி ஓட்டுவது), மாற்றுத்திறனாளி அமைப்பு (வண்டி ஓட்டாதது), சேவை முகமை.
2028 ஜூன் 30-இல் முடிபவை: 60 வயது நிரம்பிய பயணி, மாற்றுத்திறனாளி அமைப்பு (வண்டி ஓட்டுவது), வருமானம் குறைந்தோர் அமைப்பு.
2029 ஜூன் 30-இல் முடிபவை: மாற்றுத்திறனாளிப் பயணி, முதியோர் அமைப்பு (வண்டி ஓட்டாதது), சேவை முகமையின் வண்டி ஓட்டும் நிறுவனம்.

பயணிகள் இருவருக்கும் 1 ஆண்டு இடத்தைக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. நிதியின் விதிகள், கூட்ட நடைமுறை, சொற்கள் எல்லாம் பிடிபட அவர்களுக்கு ஒரு முழுச் சுற்று தேவைப்படும். அமைப்பிலிருந்து வருகிறவருக்கு இது பழகிய மொழி.

இதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள்: இடம், பெயர், ஊர், முதல் நியமன நாள், முடியும் நாள், முதல் தவணையா இரண்டாவதா. இந்தத் தாள் செயலரின் மேசையில் இருக்கட்டும். கணினியில் மட்டும் இருந்தால், ஊழியர் மாறும்போது தொலைந்துபோகும்.

அறிவிப்பு, விண்ணப்பம்

நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பெரும்பாலான கவுண்டிகளில் பொது விசாரணை இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ நடக்கும். தீர்மானம் வசந்தகாலத்தில் வரும். விசாரணைக்கு 30 நாள் முன்பே செய்தித்தாளில் அறிவிப்பு வந்தாக வேண்டும். அக்டோபரில் விசாரணை என்றால் புதிய உறுப்பினர்கள் ஆகஸ்டில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஜூனில் நியமனத் தீர்மானம். மே மாதம் நேர்காணல். ஏப்ரல் தொடக்கத்தில் அறிவிப்பு. ஏப்ரலைத் தவறவிட்டால் அந்த ஆண்டின் விசாரணையையும் தவறவிட்டது போலத்தான்.

மேடி சட்டம் என்று அழைக்கப்படும் அரசுச் சட்டத் தொகுப்பின் பிரிவுகளையும் பின்பற்ற வேண்டும். அடுத்த ஆண்டில் முடியப்போகும் இடங்களின் பட்டியலை டிசம்பர் 31-க்குள் வெளியிட வேண்டும். நடுவில் யாராவது விலகினாலோ இறந்தாலோ, 20 நாளுக்குள் காலியிட அறிவிப்பைச் செயலர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு 10 வேலைநாள் கழியும் வரை நிரந்தர நியமனம் செய்யக் கூடாது. வேலைநாள் என்பதால் சனி, ஞாயிறு, விடுமுறை சேராது. நடைமுறையில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு 8-ஆம் நாள் போட்ட தீர்மானத்தைத் திரும்பப் பெற்று மறுபடி போடுவது எல்லோருக்கும் சங்கடம்.

அறிவிப்பை இணையத்தில் மட்டும் போட்டால் வழக்கமாக வருகிறவர்களே வருவார்கள். தேடும் ஆள் எங்கே இருப்பாரோ அங்கே ஒட்டுங்கள். பேருந்துக்குள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தொலைபேசியில் பதிந்தால் வரும் டயல்-எ-ரைடு வண்டியில், மதிய உணவு கொடுக்கும் முதியோர் மையத்தில், டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்பு அறையில், உணவு வங்கி வரிசையில், நூலகத்தில். முன்பதிவு எடுக்கும் தொலைபேசிப் பணியாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்ல பெயர்கள் வரும். யார் தெளிவாகப் பேசுவார், யார் விடாமல் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

ஊர், இனப் பரவலுக்கு முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் மொழியைப் பாருங்கள். ஸ்பானிஷ் எல்லா இடத்துக்கும் வேண்டும். மெர்செட் பக்கம் மோங், யூபா, சட்டர் பக்கம் பஞ்சாபி. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் புறநகர்களில் மகன், மகள் வீட்டோடு வந்து தங்கிவிட்ட தமிழ்ப் பெற்றோர் இருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாமல், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் கோவிலுக்கோ மருத்துவரிடமோ போக வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். 60 வயது இடம் இவர்களுக்கும் உரியது. ‘நாங்கள் குடியுரிமை பெறவில்லையே’ என்று தயங்க வேண்டாம். 2019-இல் நிறைவேறிய மாநிலச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பி மாநிலத்தில் வசிக்கும் எவரும், குடியுரிமை, குடிவரவு நிலை எதுவானாலும், நியமனப் பதவி வகிக்கலாம். விண்ணப்பப் படிவத்தில் ‘பதிவுபெற்ற வாக்காளரா?’ என்ற பழைய கேள்வி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பாதிப் பேர் தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

படிவம் ஒரு பக்கம் போதும். பெயர், ஊர், எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறார், எந்த வசதி தேவை (பெரிய எழுத்து, சைகைமொழி, மொழிபெயர்ப்பாளர், சக்கர நாற்காலி), கடைசியாக ஒன்று: ‘கடந்த மாதத்தில் போக வேண்டியிருந்தும் போக முடியாத இடம் எது? ஏன்?’ பயணிகளின் இடத்துக்குப் படிப்பு, வேலை விவரம் கேட்காதீர்கள். தொலைபேசியில் சொன்னால் ஊழியர் எழுதிக்கொள்ளலாம் என்று படிவத்தின் தலைப்பிலேயே போடுங்கள். அமைப்பு சார்ந்த இடங்களுக்கு அந்த அமைப்பின் கடிதம் வேண்டும். ‘இவர் வேலையை விட்டால் இந்த இடமும் காலியாகும்’ என்ற வரி அதில் இருக்கட்டும். இல்லையென்றால் நிறுவனம் மாறிப்போன ஒருவர் பழைய நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருப்பார்.

தேர்வும் தீர்மானமும்

நேர்காணல் 15 நிமிடம் போதும். மூன்று கேள்விகள் பயன்படும். போக முடியாத இடத்தைப் பற்றி விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். உங்களைப் போன்ற வேறு எத்தனை பேரிடம் பேச முடியும் என்று கேளுங்கள். தன் வழித்தடம் ஒன்றை மட்டுமே பேசுகிறவருக்கும் குடியிருப்பு முழுவதையும் விசாரித்து வருகிறவருக்கும் வித்தியாசம் இங்கே தெரியும். கூட்டத்துக்கு எப்படி வந்து எப்படித் திரும்புவீர்கள் என்பது மூன்றாவது. இதற்குப் பதில் வரவில்லை என்றால் அவரைத் தள்ளாதீர்கள். அந்தப் பதிலைத் தேடித் தருவது முகமையின் வேலை.

கோபத்தோடு வருகிறவரைப் பார்த்துப் பல தேர்வுக் குழுக்கள் பயப்படுகின்றன. பயப்பட வேண்டாம். பலமுறை புகார் எழுதியவர் தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் குறித்து வைத்திருப்பார், அந்தக் குறிப்பேடுதான் குழுவுக்குத் தேவையான சான்று.

நியமிக்கும் அதிகாரம் திட்ட முகமையுடையது. விரும்பினால் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவிடம் ஒப்படைக்கலாம். எப்படியானாலும் தீர்மானத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் இருக்க வேண்டும்: 99238-இன் எந்த இடம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை. ‘பின்வரும் 9 பேர் நியமிக்கப்படுகிறார்கள்’ என்று மொத்தமாக எழுதினால், ஒருவர் விலகும்போது காலியானது எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரையே இரண்டு இடங்களுக்குக் கணக்குக் காட்டுவதும் வேண்டாம். அவர் வராத நாளில் இரண்டு தரப்பும் வாயடைத்துப் போகும்.

உறுப்பினர் கூட்டத்துக்கு வந்து சேர வேண்டும்

நியமனத்தில் பாதி வேலை இதுதான். மாலை 6:30-க்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி என்று நினைப்பார்கள். கடைசிப் பேருந்து 5:40-க்குப் போய்விடும் ஊரில் அதன் பொருள் வேறு. மாற்றுத்திறனாளிகள் முன்பதிவு செய்து போகும் பாராட்ரான்சிட் வண்டிச் சேவை, கூட்டாட்சி விதிப்படி, பேருந்து ஓடும் நேரத்தில், வழித்தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் மட்டும் கட்டாயம். பேருந்து நின்றால் அதுவும் நிற்கும். 6:30 கூட்டம் என்றால் மாற்றுத்திறனாளிப் பயணியை நியமித்துவிட்டு அவர் வர முடியாதபடி செய்கிறோம்.

தேதி வைப்பதற்கு முன் உறுப்பினர்களின் வீட்டிலிருந்து கூட்ட இடம் வரை பயணத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மதியம் 1:30-க்குத் தொடங்கி 3:00-க்கு முடியும் கூட்டம் என்று வையுங்கள். பாராட்ரான்சிட்டில் முந்தைய நாளே பதிவு செய்யலாம். ஆனால் கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வண்டி தருவதாகப் பேசிக்கொள்ள நிறுவனத்துக்கு விதி இடம் தருகிறது. அதனால் 1:00-க்கு வந்து சேரும்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்புவதற்கு 3:00 அல்ல, 3:30. கூட்டம் இழுத்தால் வண்டி வந்து காத்திருந்து போய்விடும். பயணி வரவில்லை என்று அவர் கணக்கில் எழுதுவார்கள். அப்படிப் பல முறை ஆனால் சேவையையே சிறிது காலம் நிறுத்தி வைப்பார்கள். உதவியாளர் கூட வந்தால் அவருக்குக் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

இதே காரணத்துக்காக, வாக்கெடுப்புக்குரிய விஷயங்களை நிகழ்ச்சி நிரலின் முதல் பாதியில் வையுங்கள். ஊழியர் அறிக்கை கடைசியில் வரட்டும். 2:50-க்கு ஒருவர் வண்டிக்குக் கிளம்பிய பிறகு ‘நிறைவேறாத தேவை இல்லை’ என்ற பரிந்துரை நிறைவேறுவது முகமைக்கே பின்னால் தலைவலி.

வர இயலாத மாற்றுத்திறனாளி உறுப்பினர் காணொளி வழியாகக் கலந்துகொள்வதை நியாயமான வசதியாகக் கேட்கலாம். 2024-இல் மாநில அட்டர்னி ஜெனரலின் கருத்துரை இதை ஆதரித்தது. பொதுவாக ஒலியும் காட்சியும் இரண்டுமே வேண்டும். அவர் இருக்கும் அறையில் 18 வயது நிரம்பிய வேறு யாராவது இருந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பு ஒட்டினால், உள்ளூர் அரசுக் குழுக்கள் மக்கள் முன்னிலையில் கூட வேண்டும் என்னும் மாநிலத்தின் பிரவுன் சட்டத்துக்குப் போதும். உறுப்பினருக்குப் போதாது. மலை ஊரில் தபால் பெட்டிக்கு வாரம் இருமுறை போகிறவருக்கு 7 நாள் முன்பே கிடைக்க வேண்டும். பார்வைக் குறையுள்ளவருக்கு 18 புள்ளி எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். கணினித் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவருக்கு, ஸ்கேன் செய்த படமாக இல்லாமல், வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக அனுப்புங்கள்.

உறுப்பினர்களுக்குப் படித்தொகை கொடுப்பதற்கு முன் சட்ட ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊதியம் கொடுத்தாலோ செலவைத் திருப்பிக் கொடுத்தாலோ, 2 ஆண்டுக்கு ஒருமுறை 2 மணி நேர நெறிமுறைப் பயிற்சி என்ற கடமை உறுப்பினர்கள் மேல் வரும். அதற்காகக் கொடுக்காமல் விடாதீர்கள். பயிற்சியை ஒரு கூட்ட நாளிலேயே சேர்த்து முடித்துவிடலாம்.

புதியவருக்குச் சொல்லித்தர வேண்டியவை

முதலாவது, தேவையை எழுதும் விதம். ‘சனிக்கிழமை பேருந்து வேண்டும்’ என்று எழுதினால் ஊழியர் அதைப் ‘பொதுவான விருப்பம்’ என்று ஒதுக்கிவிட முடியும். இப்படி எழுதக் கற்றுக்கொடுங்கள்: ‘செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலை 6:00-க்கு மையத்தில் இருக்க வேண்டும், 10:15-க்கு முடியும். சனிக்கிழமை முதல் பேருந்து 8:30-க்குத்தான். இதே குடியிருப்பில் 4 பேருக்கு இதே அட்டவணை.’ யார், எங்கிருந்து, எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர். இந்த ஆறும் இருந்தால் அதற்கு முகமை பதில் எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாவது, ‘நியாயமாக நிறைவேற்றக்கூடியது’ என்பதற்கு முகமை வைத்திருக்கும் வரையறை. அது ஒவ்வொரு கவுண்டிக்கும் வேறு. முதல் கூட்டத்திலேயே அச்சடித்துக் கையில் கொடுங்கள். பெரும்பாலான வரையறைகளில் கட்டண வருவாய் விகிதம் (சேவையின் செலவில் பயணிகளின் கட்டணத்தால் ஈடாகும் பங்கு) இருக்கும். சட்டத்தின் அடிப்படை அளவு நகரப் பகுதிக்கு 20 சதவீதம், மற்ற இடங்களுக்கு 10 சதவீதம். புதிதாக நீட்டிக்கும் சேவைக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்து 2 ஆண்டு வரை விலக்கு உண்டு. ‘கட்டணம் தேறாது’ என்று யாராவது முதல் நாளே சொன்னால் இந்த விலக்கை நினைவுபடுத்தலாம்.

மூன்றாவது, 99401.5-ஆம் பிரிவில் உள்ள இரண்டு தடைகள். பணம் முழுதாகப் போதவில்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு தேவையைத் தள்ளக் கூடாது. பேருந்துத் தேவையைச் சாலைத் தேவையோடு எடை போட்டும் தள்ளக் கூடாது. இந்த இரண்டு வரியையும் ஒரு சிறு அட்டையில் எழுதி ஒவ்வொரு உறுப்பினரின் முன்னாலும் வையுங்கள். விவாதம் குழிவிழுந்த சாலைகளின் பக்கம் திரும்பும்போது அந்த அட்டை பேசும்.

பிறகு பிரவுன் சட்டம். 9 பேரில் 5 பேர் பெரும்பான்மை. அந்த 5 பேர் கூட்டத்துக்கு வெளியே குழு விஷயத்தைப் பேசினால், மின்னஞ்சலில் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினால்கூட, சட்டமீறல். ஒருவர் இன்னொருவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாகப் போனாலும் அதேதான். உறுப்பினர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் முகவரிகளை மறைத்து அனுப்பினால் பாதித் தொல்லை தீரும். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசும் பொதுமக்களுக்கு, நேர வரம்பு 3 நிமிடம் என்றால், 6 நிமிடம் தர வேண்டும் என்பதைத் தலைவருக்குச் சொல்லிவையுங்கள்.

கோரம் இல்லாத கூட்டமும் காலியான இடமும்

குழு முடங்குவது பெரும்பாலும் கருத்து வேறுபாட்டால் அல்ல, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல்தான். 9 இடத்தில் 3 காலி, 2 பேர் உடம்பு சரியில்லை என்றால் மிச்சம் 4. கோரம் நிரம்பிய இடங்களின் பெரும்பான்மையா, மொத்த இடங்களின் பெரும்பான்மையா என்பதைத் துணைவிதியில் எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டு, கூட்டம் கூடிய அறையில் வாதிடுவது வீண். அமைப்பு சார்ந்த இடங்களுக்கு மாற்று உறுப்பினரைத் தீர்மானத்திலேயே பெயர் சொல்லி நியமிக்கலாம். பயணிகளின் இடத்துக்கும் ஒரு மாற்று உறுப்பினர் தேவை. அவரும் பயணியாகவே இருக்கட்டும்.

தொடர்ந்து 3 கூட்டத்துக்கு வராதவரை நீக்கலாம் என்று பல துணைவிதிகள் சொல்கின்றன. நீக்கும் முன் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்பது காரணமாக இருந்தால் அதையும் தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு நிறைவேறாத தேவை; அந்த ஆண்டின் பட்டியலில் சேர வேண்டியது.

நடுவில் வருகிறவரின் காலம், விலகியவரின் மிச்சக் காலம் மட்டுமே. 2028-இல் முடியும் இடத்துக்கு 2027 செப்டம்பரில் வந்தவருக்குப் புதிதாக 3 ஆண்டு கொடுத்தால் மூன்று பங்குக் கணக்கு குலைந்துவிடும். தீர்மானத்தில் ‘2028 ஜூன் 30 வரை’ என்றே எழுதுங்கள். அன்று மாலையே செயலரின் மேசையில் இருக்கும் தாளிலும் பெயரை மாற்றுங்கள்.